இருபத்தொன்பது என்று நீ எழுதியது

என் பாசத்துக்கும் சண்டைக்கும் ஒரே ஆளாக இருந்த மச்சான் கலியமூர்த்திக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டால் சிரிப்பாய். செத்தவனிடம் நலம் விசாரிக்கிற ஒரே ஆள் என் தங்கச்சி புருஷன்தான் என்று சொல்லி ஊரையே கூட்டியிருப்பாய். ஆனாலும் கேட்கிறேன். நல்லா இருக்கியா மச்சான்?

உனக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். நீ இருக்கும்போதே சொல்லியிருந்தால் உன் முகத்தைப் பார்த்திருக்கலாம். இப்போது நீ போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. ஒரு மாதமாக இதை மனசில் வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். உன் தங்கச்சி தனம்தான் நேற்று நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "எங்க அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியத எங்க அண்ணன்கிட்ட சொல்லு. கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு என்கிட்ட கத்திகினு இருக்காத" என்றாள். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே முதலில் கொஞ்சம் சொல்கிறேன். கொட்டாவி விடாதே.

நாம் இரண்டு பேரும் முதலில் கரும்பு ஆலையில் இருந்தவர்கள். டிராக்டரில் வரும் கரும்பின் சாற்றை இரண்டு சொட்டு எடுத்து, கைக்குள் அடங்குகிற ஒரு குழாய்க் கருவியின் கண்ணாடி மேல் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிப்போம். உள்ளே நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு தெரியும். கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அந்த அளவுக்குச் சாற்றில் சர்க்கரை இருக்கிறது. பிரிக்ஸ் மீட்டர் என்போம். பன்னிரண்டு பருவம் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தே உன் வலது கண்ணோரம் ஒரு சுருக்கம் விழுந்துவிட்டது. போட்டோவில்கூட அது தெரிகிறது.

ஆலையில் வேலை குறைந்தபோது, உளுந்தூர்பேட்டை ரோட்டில் பீர் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று முதலில் போனவன் நீதான். ஆறு மாதம் கழித்து என்னையும் இழுத்தாய். பீர் கம்பெனி என்றதும் உன் மாமியார் மூக்கைச் சிந்தினார்கள். என் வீட்டிலும் ஒரு வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நமக்குக் கிடைத்ததோ பீர் வாசனைகூட எட்டாத, குளிரூட்டும் இயந்திரம் ஓடுகிற சில்லர் ரூம். இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்காது. அதனால்தானோ என்னவோ எட்டு வருஷம் சண்டை இல்லாமல் ஓடியது.

பீர்த் தொட்டிகளைச் சுற்றிக் குளிர்ந்த திரவம் ஓடவேண்டும். மைனஸ் நாலு டிகிரி வரை அதை இறக்குவார்கள். வெறும் தண்ணீர் அவ்வளவு தாங்காது, பனிக்கட்டி ஆகிவிடும். அதனால் தண்ணீரோடு கிளைகால் என்ற திரவத்தைக் கலந்து ஒரு டேங்க்கில் நிரப்பி ஓடவிடுவார்கள். நூறு பங்கில் முப்பது பங்கு கிளைகால் இருக்கவேண்டும். இருபத்தெட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் சில்லருக்குள்ளே குழாய்களில் ஐஸ் கட்டும், குழாய் வெடிக்கும். திங்கட்கிழமைதோறும் அதை அளந்து லாக் புத்தகத்தில் எழுதுவது உன் வேலை.

அளக்கிற கருவியை அவர்கள் எடுத்துக் கொடுத்த அன்று நீ கத்தியதை நீயே பத்துத் தடவை எனக்குச் சொல்லியிருக்கிறாய். "நம்ம பிரிக்ஸ் மீட்டருடா! நமக்கு முன்னாடியே பஸ் புடிச்சி வந்து ஒக்காந்துகினு இருக்குது!" உள்ளே எழுதியிருந்த எண்கள்தான் வேறு. சர்க்கரைக்குப் பதில் கிளைகால். மற்றபடி அதே குழாய், அதே கண்ணாடி, அதே நீலக் கோடு. கம்பெனியில் அதற்கு நாக்கு சுளுக்குகிற மாதிரி ஒரு பெயர் சொன்னார்கள். நாம் இரண்டு பேரும் கடைசி வரைக்கும் பிரிக்ஸ் மீட்டர் என்றே சொன்னோம்.

உன் பூசை எனக்கு இன்னும் மனப்பாடம். முதலில் பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு. கோடு பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பாய். நிற்காவிட்டால் திருகிச் சரிசெய்வாய். துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பனியன் துணியால் துடைப்பாய். அப்புறம்தான் கிளைகால். ட்யூப்லைட் வெளிச்சத்தை நம்பவே மாட்டாய். வாசலுக்கு வந்து, வெயிலைப் பார்த்து, ஒரு கண்ணை மூடி நிற்பாய். "கலியமூர்த்தி சூரிய நமஸ்காரம் ஆரம்பிச்சிட்டாரு" என்று பாட்டிலிங் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அத்தோடு விடமாட்டாய். இருமல் மருந்து பாட்டில் ஒன்றில் அதே கிளைகாலைக் கொஞ்சம் பிடித்து, மூடியை இறுக்கி, தேதி எழுதிய பிளாஸ்திரியை ஒட்டி அலமாரியில் வைப்பாய். நாலு வாரத்துக்கு நாலு பாட்டில். ஐந்தாவது வாரம் முதல் பாட்டிலைக் கழுவி மறுபடி பிடிப்பாய். கம்பெனி சொன்ன வேலை இல்லை இது. ஆலையில் கரும்புக்காரர் யாராவது சர்க்கரை குறைத்துப் போட்டுவிட்டாய் என்று சண்டைக்கு வந்தால் காட்டுவதற்குச் சாற்றை எடுத்து வைப்போமே, அந்தப் பழக்கம்.

"கிளைகாலுக்கு எந்த வெவசாயி மச்சான் சண்டைக்கு வரப்போறான்?" என்று கேட்டேன்.

"வந்தா இன்னா பண்ணுவ? இருக்கட்டும் வுடு" என்றாய்.

வந்தார்கள் மச்சான்.

அந்தப் புரட்டாசி திங்கட்கிழமையை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நீ காலை ஷிஃப்ட். பதினொரு மணிக்கு அளந்து இருபத்தொன்பது என்று எழுதியிருந்தாய். முந்தைய மாதங்களில் முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பது என்று மெல்ல இறங்கி வந்திருந்தது. இருபத்தெட்டு வரைக்கும் பயமில்லை என்பதால் யாரும் கவலைப்படவில்லை. இரண்டு மணிக்கு என்னிடம் ஷிஃப்டை ஒப்படைத்தபோது நீ பெருமையாக ஒன்று சொன்னாய். "நாலு மாசமா டேங்க்குல ஒரு பொட்டு எறங்கல மாப்ள. எங்கியும் லீக்கே இல்ல. நம்ம லைன் மாதிரி எவன் வெச்சிருக்கான்?" நானும் ஆமாம் என்றேன்.

நாலு மணிக்கு சில்லர் நின்றது. உள்ளே ஐஸ் கட்டிக் குழாய்கள் வெடித்திருந்தன. கிளைகால் முழுக்கத் தரையில் ஓடி வாய்க்காலில் கலந்துவிட்டது. தொட்டிகளில் இருந்த பீர் சூடேறி வீணானது.

மறுநாள் சென்னையிலிருந்து சில்லர் கம்பெனி என்ஜினீயர் வந்தார். ஒரே வாக்கியத்தில் கணக்கை முடித்துவிட்டார். இருபத்தொன்பது இருந்தால் ஐஸ் கட்டாது. ஐஸ் கட்டியிருக்கிறது. அப்படியென்றால் இருபத்தொன்பது இல்லை. அளக்காமலே எழுதியிருக்கிறார்கள். யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. என்னாலும்தான்.

நீ அலமாரிக்கு ஓடி அந்தத் திங்கட்கிழமை பாட்டிலை எடுத்துவந்தாய். "அளந்து பாருங்க சார்" என்றாய். அளந்தார்கள். இருபத்தொன்பது காட்டியது. உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் அப்போதிருந்த மேனேஜர் சொன்னார், "ராத்திரியோட ராத்திரியா இருபத்தொன்பது கலந்து பாட்டில்ல புடிச்சி வெச்சிருக்கான். பிளான் பண்ணித்தான் பண்ணியிருக்கான்." உன்னைக் காப்பாற்றக் கொண்டுவந்த பாட்டில் உன்னைத் திருடனாக்கியது. வெறும் சோம்பேறி என்று இருந்த பெயர் பொய்யன் என்று ஆனது.

அடுத்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் அளந்ததை நீ கண்ணால் பார்த்தாயா?

"பாக்கல சார்" என்றேன்.

உண்மைதான். நான் இரண்டு மணிக்குத்தான் வந்தேன். ஆனால் எட்டு வருஷமாகப் பார்க்கிறேன், இவர் அளக்காமல் எழுதுகிற ஆள் இல்லை, என்று அடுத்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம் இல்லையா? வாய் வரவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதியை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த என்ஜினீயர் சொன்ன கணக்கு எனக்கும் சரியாகப் பட்டது. நீ அன்றைக்கு ஒருநாள் அளக்காமல் விட்டிருப்பாய், பயத்தில் பாட்டிலைத் தயார் செய்திருப்பாய் என்று நான் நினைத்தேன். நினைத்தேன் மச்சான்.

லாக் புத்தகத்தில் உன் இருபத்தொன்பதைச் சிவப்பு மையில் அடித்து, 'அளக்காமல் எழுதியது' என்று பக்கத்தில் எழுதினார்கள். உன்னைக் காலி பாட்டில் ஷெட்டுக்கு மாற்றினார்கள். நீ அந்தப் பாட்டிலை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாய்.

அதற்கப்புறமும் நாம் பேசிக்கொண்டுதான் இருந்தோம். பொங்கல் கழித்து வழக்கம்போல இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனோம். கரியாலூரில் இறங்கியதும் எல்லோருக்கும் பல் கிட்டியது. நான் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டேன். "மைனஸ் நாலுல வேலை பாக்கறவன் பதினஞ்சுக்கு நடுங்கறான் பாரு" என்று உன் பெண் கயல்விழியிடம் காட்டிச் சிரித்தாய். பிள்ளைகள் படகுத் துறைப் பக்கம் ஓடினார்கள். நாம் இரண்டு பேர் மட்டும் டீக்கடை பெஞ்சில் இருந்தோம்.

நீ டீயைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், எதிரே இருந்த சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக் கேட்டாய். "எவன் வேணா இன்னா வேணா சொல்லட்டும். நீ நம்புறியா மாப்ள?"

நான் சொன்னேன், "டீ ஆறிப்போவுது, குடி மச்சான்."

நீ குடித்தாய். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. வைகாசியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் களமருதூரில் உன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது சேதிக்கு வருகிறேன்.

உனக்கப்புறம் திங்கட்கிழமை வேலை எனக்கு வந்தது. டிஸ்டில்டு வாட்டரும் பனியன் துணியும் நானும்தான் வைத்திருக்கிறேன். வெயிலில் நின்று பார்க்கிறேன். பாட்டில் மட்டும் பிடிப்பதில்லை. அந்த அலமாரிப் பக்கம் போகவே கை வராது.

இந்த ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை அளந்தேன். முப்பது காட்டியது. நல்லதுதானே என்று எழுதிவிட்டு டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். ததும்பிக்கொண்டு இருந்தது. மூன்று மாதமாக ஒரு பொட்டு இறங்கவில்லை. எனக்கும் உன்னைப் போலவே ஒரு பெருமை வந்தது. உடனே உன் குரல் காதில் கேட்டது. நாலு மாசமா டேங்க்குல ஒரு பொட்டு எறங்கல மாப்ள. கை அப்படியே நின்றுவிட்டது.

வால்வு கசியும், பம்ப் சொட்டும், கொஞ்சமாவது இறங்கத்தான் வேண்டும். இறங்காத டேங்க் எங்கே இருக்கிறது? மூடிக்குள் குனிந்தேன். ஒரு வாடை வந்தது மச்சான். கிளைகால் வாடை இல்லை. ஆலையில் இயந்திரம் நின்ற நாட்களில் தொட்டியில் தங்கிப்போகுமே சாறு, அந்தப் புளிச்ச வாடை. லேசாகத்தான். ஆனால் நம் மூக்குக்குத் தெரியாதா?

ஒரு பாட்டிலில் பிடித்தேன். புது கேனிலிருந்து கிளைகால் எடுத்து, நானே அளந்து முப்பதாகக் கலந்து இன்னொரு பாட்டில். இரண்டையும் பிரிக்ஸ் மீட்டரில் பார்த்தேன். இரண்டும் முப்பது. இரண்டையும் கேன்டீன் ஐஸ் பெட்டியின் அடியில் வைத்தேன். கேன்டீன்காரர் குல்ஃபிக்கு நடுவில் என்ன வைக்கிறாய் என்று சத்தம் போட்டார். மறுநாள் எடுத்துப் பார்த்தால், நான் கலந்தது கூழாக இருந்தது, ஸ்பூன் இறங்கியது. டேங்க்கில் பிடித்தது கல்லாகக் கிடந்தது. ஸ்பூன் வளைந்துவிட்டது.

இப்போது சில்லர், பாய்லர் எல்லாவற்றுக்கும் ரேவதி மேடம் என்று ஒருவர் வந்திருக்கிறார். திருக்கோவிலூர்ப் பெண். நம் கயலைவிடப் பத்து வயது மூப்பு இருக்கும். அவர்களிடம் இரண்டு பாட்டிலையும் காட்டினேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஸ்பூனை எடுத்து அவர்களே ஒருதரம் குத்திப் பார்த்துவிட்டு, "இதுல சக்கரை இருக்கான்னு லேப்ல பாக்கலாமாண்ணா?" என்றார்கள்.

சர்க்கரை. அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

இருந்தது மச்சான். பீராகப் புளிக்கும் முன்னால் வோர்ட் என்று ஒரு மால்ட் சாறு வருமே, கரும்புச் சாறு மாதிரி தித்திப்பாக, அதைக் குளிர வைக்க ஒரு பக்கம் அதுவும் மறுபக்கம் கிளைகாலும் ஓடுகிற அடுக்குத் தகடுகளில் ஒரு தகட்டில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. ஒவ்வொரு முறை வோர்ட் ஓடும்போதும் சொட்டுச் சொட்டாகக் கிளைகாலுக்குள் இறங்கியிருக்கிறது. டேங்க் ததும்பியிருக்கிறது. ததும்பியது மேல்குழாய் வழியாக வெளியே போயிருக்கிறது. கிளைகால் போய்க்கொண்டே இருந்தது, சாறு வந்துகொண்டே இருந்தது. பிரிக்ஸ் மீட்டருக்கு என்ன தெரியும்? கிளைகால் கலந்தாலும் கோடு ஏறும், சர்க்கரை கலந்தாலும் கோடு ஏறும். அது தான் பார்த்ததைச் சொன்னது. அதைப் பார்த்தவன் எழுதினான்.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது, அதுவும் நம் இரண்டு பேர் மேலேயே. கம்பெனியில் மற்றவர்களுக்குத் தெரியாமல் போனால் நியாயம். பன்னிரண்டு பருவம் அந்தக் குழாயில் சர்க்கரையை மட்டுமே பார்த்த ஆட்கள் நாம் மச்சான்! அது சர்க்கரையைக் காட்டுகிற கருவி என்பது நமக்கு ஏன் மறந்துபோனது? பீர் கம்பெனிக்கு வந்ததும் அது கிளைகால் மீட்டர் ஆகிவிட்டது என்று நம்பிவிட்டோமே. பெயரை மட்டும் பழையபடி சொன்னோம். டேங்க் இறங்காததைப் பார்த்துப் பெருமைவேறு பட்டோம்.

அன்றைக்கு உனக்கு நடந்ததும் இதேதானா என்பதுதான் அடுத்த கேள்வி. அந்த வருஷம் வெடித்த சில்லரை மாற்றும்போது தகடுகளையும் சேர்த்துப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். பழைய தகடுகள் காயலான் கடைக்குப் போயிருக்கும். கிளைகால் வாய்க்காலோடு போனது. மிச்சம் இருந்தால் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

மறுநாளே களமருதூருக்குப் போனேன். உன் பெண்டாட்டி அஞ்சலை வாசலில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, மச்சான் ஒரு பாட்டிலு எடுத்தாந்தானே, மருந்து பாட்டிலு, பிளாஸ்திரி ஒட்டி... இருக்குதா, தூக்கிப் போட்டுட்டியா?" என்றேன்.

அஞ்சலை என்னை ஒரு பார்வை பார்த்தது. "தூக்கிப் போட்றாதேன்னு சொல்லிட்டுல்ல போனாரு. எத்தினி தடவ வூடு பெருக்கியும் அது மட்டும் பரண் மேலயே இருக்குது. இப்ப இன்னாத்துக்குண்ணா அது?"

இறக்கினோம். பிளாஸ்டிக் பாட்டில் வயிறு உப்பியிருந்தது. பிளாஸ்திரியில் உன் கோணல் எழுத்து. தேதி, பக்கத்தில் 29, கீழே 'க.மூ.' என்று உன் கையெழுத்து. மூடியைத் திருகியதும் சோடா பாட்டில் மாதிரி புஸ்ஸென்று சத்தம். அதே புளிச்ச வாடை வீடு முழுக்க வந்தது. கயல் ஓடி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கிளைகால் சரியான அளவில் இருந்தால் எந்தக் கிருமியும் அதில் வாழாது. அளவு நன்றாகக் குறைந்து, சர்க்கரையும் சேர்ந்தால்தான் இப்படிப் புளிக்கும். ராத்திரியோடு ராத்திரியாக நீ கலந்த திரவம் என்றால் இன்றைக்கும் சுத்தமாகக் கிடந்திருக்கும். எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் லேபுக்குக் கொண்டுபோனேன். மேடம் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார்கள். கிளைகால் பத்தொன்பதுதான். இருபத்தொன்பதில் மீதியெல்லாம் உன் கண்ணை ஏமாற்றிய மால்ட் சாறும் அது புளித்ததும்.

நீ அளந்திருக்கிறாய். வெயிலில் நின்று, ஒரு கண்ணை மூடி, இருபத்தொன்பது என்று பார்த்துத்தான் எழுதியிருக்கிறாய்.

மேடம் பழைய லாக் புத்தகத்தை ஸ்டோரிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். பழைய மேனேஜர் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புது மேனேஜர், முடிந்துபோன விஷயம்தானே என்று இழுத்தார். "முடிஞ்சது நமக்கு சார், அவங்க வீட்டுக்கு முடியல" என்றார்கள் மேடம். லாக் புத்தகத்தில் எழுதியதை யாரும் அழிக்கக்கூடாது என்பது உனக்குத் தெரியும். அதனால் அந்தச் சிவப்பு மையும் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே நீல மையில் எழுதினார்கள்: 'அளவு எடுக்கப்பட்டது. கருவி காட்டியது இதுவே. கிளைகாலில் வோர்ட் கலந்திருந்ததால் கருவி தவறாகக் காட்டியது. அளந்தவர் மீது தவறு இல்லை.' கையெழுத்துப் போட்டார்கள். புது மேனேஜரும் போட்டார். நான் எனக்கும் ஓரத்தில் இடம் கேட்டேன். எதற்கண்ணா என்றார்கள். மூன்று வருஷம் முன்னால் போடவேண்டிய கையெழுத்து என்றேன்.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அஞ்சலையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கயல் சத்தமாகப் படித்தாள். அஞ்சலை அழும் என்று நினைத்தேன். அழவில்லை. தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "அன்னிக்கு உன்னக் கூப்ட்டு கேட்டாங்கல்ல. நீ இன்னாண்ணா சொன்ன?" என்றது.

சொன்னேன். பாக்கல சார் என்று சொன்னதையும், மனசுக்குள் நினைத்ததையும், கரியாலூர் டீயையும் சொன்னேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

அஞ்சலை முந்தானை முடிச்சை இன்னொரு தரம் இறுக்கியது. அப்புறம் சொன்னது, "சாவற வரைக்கும் உன்னப் பத்தி ஒரு வார்த்த தப்பா சொல்லல அந்த மனுசன். ஏழுமலைக்கு இன்னா தெரியும், அவன் ரெண்டு மணிக்கி வந்தவன்னுதான் சொல்லிகினு இருந்தாரு. எனுக்கு அதான் கோவமே." சொல்லிவிட்டு உள்ளே போயிற்று. நான் செருப்பைத் தேடினேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "எங்க போற? சோறு போட்டுட்டேன், ஒக்காரு."

சாப்பிட்டேன் மச்சான். கயல் எதிரே உட்கார்ந்து, "மாமா, அந்த பிரிக்ஸ் மீட்டர எனுக்கு ஒருதரம் காட்டுவியா?" என்று கேட்டாள். கள்ளக்குறிச்சியில் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், தெரியுமா? பேசும்போது உன்னைப் போலவே ஒரு கண்ணைச் சுருக்குகிறாள். ஏன் கருவி பொய் சொன்னது என்று என்னைக் குடைந்து எடுத்துவிட்டாள். எனக்குப் பாதிதான் சொல்லத் தெரிந்தது.

இப்போது திங்கட்கிழமைகளில் மூன்று வேலை. பிரிக்ஸ் மீட்டர் ஒன்று. லேபில் சர்க்கரை இருக்கிறதா என்று ஒன்று. டேங்க் எவ்வளவு இறங்கியது என்று ஒன்று. இறங்காவிட்டால் உடனே சொல்லவேண்டும். மேடம் அதைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பாட்டிலும் பிடிக்கிறோம், இப்போது அது கம்பெனி உத்தரவு. இருமல் மருந்து பாட்டில் வேண்டாம், லேப் பாட்டில் தருகிறேன் என்றார்கள். முதல் நாலு மட்டும் இருமல் மருந்து பாட்டிலாகவே இருக்கட்டும் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டேன். உன் அலமாரியில்தான் இருக்கின்றன. போகிறவர்கள் வருகிறவர்கள் கலியமூர்த்தி பாட்டில் என்கிறார்கள். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

இதெல்லாம் நீ இருக்கும்போது நடந்திருந்தால் ஷெட்டிலிருந்து நேராக சில்லர் ரூமுக்கு வந்து மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து டீ கேட்டிருப்பாய். அந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை எனக்கு. உன் நெஞ்சுவலிக்கு இதுவும் ஒரு காரணமா? டாக்டரிடம் கேட்டால் இல்லை என்பார். அஞ்சலையிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. உன்னிடம் கேட்கிறேன். பதில் வேண்டாம்.

தை பிறந்ததும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிறேன், இந்தத் தடவை அஞ்சலையும் வருகிறது. கரியாலூரில் அதே டீக்கடை இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அதே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு டீ சொல்லுவேன். ஒன்றை உன் பக்கம் வைத்துவிட்டு, நீ கேட்டதற்கு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்லுவேன். இது என் வாக்கு. அதுவரைக்கும் பொறுக்க முடியவில்லை, அதனால் இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

நம்புறேன் மச்சான். டீ ஆறினால் ஆறட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி தனத்தின் புருஷன்,
ரெண்டு மணிக்கு வந்தவன்,
ஏழுமலை